மாணவர்கள் சரியாக விடையளிக்கின்றனர்: பி.எட். பாடக்குறிப்பேட்டை ஒரு நூலாக வாசித்தல்

தமிழில் மிக அதிகமாக எழுதப்பட்டு மிகக் குறைவாக வாசிக்கப்படும் உரைநடை எது என்று யாராவது கேட்டால், பி.எட். மாணவர்கள் எழுதும் பாடக்குறிப்பு என்றுதான் சொல்வேன். பேச்சில் அதற்கு ‘லெசன் பிளான் ரெகார்டு’ என்று பெயர். பழுப்பு அட்டை போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்புக்கு ஒரு நிறம், உள்ளடக்கத்துக்கு ஒரு நிறம் என்று ஸ்கெட்ச் பேனாவால் அலங்கரித்து, இரவெல்லாம் கண்விழித்து எழுதுவார்கள். வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்துப் போடுவார், பேராசிரியர் கையெழுத்துப் போடுவார். பிராக்டிகல் அன்று வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் புரட்டுவார்கள். அதற்குப் பிறகு நோட்டு பரணுக்குப் போகும், இல்லாவிட்டால் ஜூனியருக்குப் போகும். ஜூனியர் அதைப் பார்த்து எழுதுவார். அவருடையது அவருடைய ஜூனியருக்கு.

கடந்த சில மாதங்களில் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கி நான்கு பேருடைய ரெகார்டுகளைப் படித்தேன். கணிதம் இரண்டு, அறிவியல் ஒன்று, சமூக அறிவியல் ஒன்று. நான்கும் வெவ்வேறு கல்லூரி, வெவ்வேறு ஆண்டு. பெயர்கள் இங்கே தேவையில்லை. நான்கு பேருடைய நோட்டை வைத்துக்கொண்டு ஒரு மாநிலத்தின் ஆசிரியர் கல்வியை எடைபோட முடியாது. இதை ஆய்வு என்றும் சொல்லமாட்டேன். ஒரு நாவலையோ நாடகத்தையோ படிக்கும்போது என்ன கேட்போம்? யார் பேசுகிறார்கள், யாருக்கு வசனமே இல்லை, எது நடக்கிறது, எது நடக்கவே விடப்படவில்லை. அதே கேள்விகளோடு இவற்றைப் படித்தேன். அப்படிப் படித்ததில் கண்ணில் பட்ட ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

நான்கு பேருடைய நோட்டிலும் ஒரு மாணவன்கூடத் தப்பாகப் பதில் சொல்லவில்லை.

அந்த ஐந்தாவது கட்டம்

பி.எட். படிக்காதவர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேலே வகுப்பு, பாடம், அலகு, தேதி, நேரம். அடுத்து பொது நோக்கங்கள், சிறப்பு நோக்கங்கள். பிறகு கற்பித்தல் துணைக்கருவிகள்: சார்ட், மாடல், கரும்பலகை, சுண்ணக்கட்டி. அதன் பின் முன்னறிவு. அதற்குக் கீழே பெரிய அட்டவணை. பாடப்பொருள், நடத்தை மாற்றங்கள், ஆசிரியர் செயல்பாடு, கரும்பலகை வேலை, மாணவர் செயல்பாடு, மதிப்பீடு என்று கட்டங்கள். கல்லூரிக்குக் கல்லூரி பெயரும் வரிசையும் கொஞ்சம் மாறும். எலும்புக்கூடு ஒன்றுதான்.

ஆசிரியர் செயல்பாடு என்ற கட்டத்தில் பேச்சு இருக்கிறது. விளக்குகிறார், வரைகிறார், கேட்கிறார், பாராட்டுகிறார். ஐந்தாவது கட்டமான மாணவர் செயல்பாட்டில் மொத்தமே நாலைந்து வினைச்சொற்கள்தான். கவனிக்கின்றனர். உற்றுநோக்குகின்றனர். குறிப்பெடுக்கின்றனர். விடையளிக்கின்றனர். சில இடங்களில் ‘ஆர்வத்துடன்’ என்று ஒரு அடைமொழி. ஒரு கணித ரெகார்டில் முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரைக்கும் அதே நான்கு சொற்கள் மாறி மாறி வருகின்றன. நடுவில் எங்கேயோ ‘சரியாக’ என்ற சொல் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அது போகவே இல்லை: மாணவர்கள் சரியாக விடையளிக்கின்றனர்.

அறிவியல் ரெகார்டில் ஒளிச்சேர்க்கை பாடம். பாடம் தொடங்குமுன் ஆசிரியர் கேட்கிறார்: தாவரங்கள் தமக்குத் தேவையான உணவை எவ்வாறு தயாரிக்கின்றன? மாணவர்கள் ஒளிச்சேர்க்கை மூலம் என்கிறார்கள். ஆசிரியர் பாராட்டிவிட்டுத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதுகிறார். பாடம் ஆரம்பிக்கும் முன்பே பதில் தெரிந்துவிட்டதென்றால் அந்த நாற்பது நிமிடம் எதற்கு என்று எந்தக் கையெழுத்தும் கேட்கவில்லை.

இதன் இலக்கணமும் வேடிக்கையானது. இந்த நோட்டு வகுப்புக்கு முந்தின இரவு எழுதப்படுகிறது. ஆனால் வாக்கியங்கள் எல்லாம் நிகழ்காலத்தில் இருக்கின்றன. ‘மாணவர்கள் வேறுபடுத்திக் காட்டுகின்றனர்’ என்று எழுதியவர் இன்னும் அந்த மாணவர்களைப் பார்க்கக்கூட இல்லை. நடக்கப்போகிறது என்று நம்புவதை நடந்துகொண்டிருப்பதாக எழுதிப் பழகுகிறார். வகுப்பில் வேறு ஏதாவது நடந்தால் அதை எழுத நோட்டில் இடமே கிடையாது.

2/5 என்று எழுதிய பிள்ளை

தப்பான பதிலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

1/2 + 1/3 என்ன? ஒன்பதாம் வகுப்பிலும் 2/5 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள். ‘தப்பு, எல்சிஎம் எடு’ என்பது வழக்கமான பதில். பிள்ளை எல்சிஎம் எடுக்கும், 5/6 வரும், அடுத்த மாதம் மறுபடியும் 2/5 எழுதும்.

ஏன் மறுபடியும்? 2/5 என்பது வானத்திலிருந்து குதித்த பதில் அல்ல. ஒரு டெஸ்டில் இரண்டு கேள்விக்கு ஒன்று சரி, இன்னொரு டெஸ்டில் மூன்று கேள்விக்கு ஒன்று சரி என்றால், மொத்தம் ஐந்துக்கு இரண்டு சரி. மார்க் அப்படித்தான் கூட்டுகிறோம். மார்க்‌ஷீட்டில் சாய்கோட்டுக்கு மேலே வாங்கியது, கீழே மொத்தம். மேலே மேலேயோடும் கீழே கீழேயோடும் கூடும். அந்தப் பிள்ளை வேறொரு கேள்விக்கான சரியான பதிலை எழுதியிருக்கிறது. ஒரே பொருளின் பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டுவது வேறு, இரண்டு தனித்தனித் தொகுப்புகளைச் சேர்ப்பது வேறு என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. எல்சிஎம் அந்த இடத்தைத் தொடவே இல்லை.

இதைத் தெரிந்த ஆசிரியர் என்ன செய்வார்? ‘அரை தோசை சாப்பிட்டே. அப்புறம் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டே. இப்ப மொத்தம் அரைக்கு மேலயா, கீழயா?’ என்று கேட்பார். மேல என்று பிள்ளை சொல்லும். ‘சரி, 2/5 அரைக்கு மேலயா கீழயா?’ அங்கே ஒரு நிமிடம் வகுப்பு நிற்கும். பாடம் அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்கு ஆசிரியர் 5/6 தெரிந்து வைத்திருந்தால் போதாது. 2/5 எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

அறிவியலிலும் சமூக அறிவியலிலும் இப்படி எத்தனையோ. கோடைக்காலம் ஏன் வருகிறது? சூரியன் கிட்ட வருது சார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும் என்ற அனுபவத்திலிருந்து வருகிற, நல்ல தர்க்கமுள்ள பதில் இது. ஆனால் புவி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில். மார்கழிக் குளிரில் நாம் மஃப்ளர் சுற்றிக்கொண்டு டீ குடிக்கிற நேரம் அது. மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். சாய்வான அச்சு என்று மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன்னால் அந்த அடுப்புத் தர்க்கத்தை எடுத்துப் பேச வேண்டும். ‘டிசம்பர் 26 மெல்போர்ன் மேட்ச் பாத்திருக்கியா? அங்க எல்லாரும் தொப்பி போட்டுக்கிட்டு வெயில்ல உக்காந்திருக்காங்களே, சூரியன் அவங்களுக்கு மட்டும் கிட்ட வந்துச்சா?’ என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வி ரெகார்டில் இருக்க வாய்ப்பே இல்லை. ஏனென்றால் அங்கே மாணவர்கள் ஏற்கெனவே ‘புவியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால்’ என்று சரியாக விடையளித்துவிட்டார்கள்.

லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1986-ல் இந்த அறிவுக்கு ஒரு பெயர் வைத்தார். பாடம் தெரிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னொன்று; இரண்டுக்கும் நடுவில் ‘இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் பிள்ளைகள் என்ன நினைத்துக்கொண்டு வருவார்கள்’ என்று தெரிந்திருப்பது மூன்றாவது அறிவு. பி.எஸ்சி. கணிதம் முதலாவதைத் தரும். கல்வி உளவியல் தாள் இரண்டாவதைக் கொஞ்சம் தரும். மூன்றாவதைத் தர வேண்டிய இடம் பி.எட்.தான். வேறு எங்கேயும் அது கிடைக்காது.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது

ஆசிரியர் பயிற்சி நம்மிடம் நேற்று வந்ததில்லை. இன்று சைதாப்பேட்டையில் இருக்கும் ஆசிரியர் கல்லூரியின் தொடக்கம் 1856-ல் ஒரு நார்மல் பள்ளியாக. எல்.டி. என்று இருந்த பட்டம் பி.டி. ஆகி, பிறகு பி.எட். ஆனது. பட்டதாரி ஆசிரியரைப் பள்ளிக்கூடத்தில் இன்றும் ‘பி.டி. அசிஸ்டென்ட்’ என்று சொல்வது அந்தப் பழைய பட்டத்தின் எச்சம்தான்.

பாடக்குறிப்பின் படிகள் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெர்பார்ட்டின் பெயரால் அறியப்படுபவை. அவர் இறந்தது 1841-ல். ஐந்து படிகளாக அடுக்கியவர்கள் அவருக்குப் பின் வந்த சில்லரும் ரைனும். பி.எட். தேர்வில் ‘ஹெர்பார்ட்டின் படிகளை விளக்குக’ என்று கேட்டால் ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்தல் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் ஹெர்பார்ட் சொன்னதன் சாரம் என்ன? புதிய கருத்து ஒன்று பிள்ளையின் மனதில் ஏற்கெனவே இருக்கும் கருத்துகளோடு சேர்ந்துதான் உள்ளே போகும். ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் படி. அந்த முதல் படி நம் நோட்டில் ‘முன்னறிவைச் சோதித்தல்’ ஆகி, அங்கிருந்து ‘இலை என்ன நிறம்?’ ‘பச்சை நிறம் ஐயா’ ஆகிவிட்டது. பிள்ளையின் மனதைத் திறந்து பார்க்க வைத்த கதவு, தலைப்பு எழுதுவதற்கான சடங்காக மாறிவிட்டது.

அடுத்து 1956-ல் புளூமும் அவருடைய குழுவும் வெளியிட்ட நோக்கங்களின் வகைப்பாடு. அதன் வழியில் வந்தவைதான் அறிதல், புரிதல், பயன்படுத்துதல் என்ற தலைப்புகளும் அவற்றுக்குக் கீழே வரும் ‘நினைவுகூர்கிறார்’, ‘எடுத்துக்காட்டு தருகிறார்’ என்ற பட்டியலும். வகுப்பின் முடிவில் பிள்ளை எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதற்கு அது நல்ல கருவி. வகுப்பின் தொடக்கத்தில் எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டிய ஹெர்பார்ட்டின் முதல் படியோ ஏற்கெனவே காலியாகிவிட்டது.

மூன்றாவது அடுக்கு நுண்ணிலைக் கற்பித்தல், அதாவது மைக்ரோ டீச்சிங். 1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கே பயிற்சியாளரின் முன் உட்கார்ந்தவர்கள் உண்மையான உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். இந்தியாவில் நாம் எடுத்துக்கொண்ட வடிவத்தில் சக பயிற்சியாளர்களே மாணவர்களாக நடிக்கிறார்கள். ஆறு நிமிடம் கற்பித்தல், ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் மறுதிட்டம், மறுபடி ஆறு, மறுபடி ஆறு. மொத்தம் 36 நிமிடம். செலவில்லாத ஏற்பாடு. பள்ளிக்கூடத்தைத் தொந்தரவு செய்யவும் வேண்டாம். ஆனால் எம்.எஸ்சி. முடித்த ஒருவர் எட்டாம் வகுப்புப் பையனாக நடிக்கும்போது தோழியைக் காட்டிக்கொடுப்பாரா? சரியான பதிலைத்தான் சொல்வார். நாளைக்குத் தன் முறை வருமே. வகுப்பில் ஒருவரும் தப்புச் செய்யக்கூடாது என்பது எழுதப்படாத உடன்படிக்கை.

ஆக ஒவ்வொரு அடுக்கிலும் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியிருக்கிறது. யாரும் திட்டம் போட்டு வெளியேற்றவில்லை. மதிப்பெண் போடுவதற்கு எது வசதியோ அது தங்கியது, மற்றது உதிர்ந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் என்ன ஆகிறது

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் எடுக்கும் தோழி ஒருவரிடம் வருடா வருடம் பயிற்சிக்கு ஆட்கள் வருகிறார்கள். அவர் சொன்னது: ‘பசங்க கரெக்டா சொல்ற வரைக்கும் அந்தப் பொண்ணு சூப்பரா போகும். ஒருத்தன் தப்பா சொல்லிட்டான்னா அப்படியே என்னைத் திரும்பிப் பாக்கும். சாயங்காலம் வந்து, மிஸ், அவன் நான் எதிர்பார்க்காததைச் சொல்லிட்டான் மிஸ், என்ன பண்றதுன்னே தெரியலங்கும். எதிர்பார்க்காததைச் சொல்றதுக்குத்தாம்மா பசங்க இருக்காங்கன்னு நான் சொல்லுவேன்.’

அந்தப் பெண் அன்று வகுப்பில் செய்தது நாம் எல்லோரும் பார்த்ததுதான். ‘உட்காரு. அடுத்தது யாரு?’ சரியான பதில் வரும் வரைக்கும் கை நகர்ந்துகொண்டே போகும். மூன்றாவது பெஞ்சில் யாரோ சொல்லிவிடுவார்கள். ‘வெரி குட், எல்லாரும் கைதட்டுங்க.’ ரெகார்டு பொய்யாகவில்லை: மாணவர்கள் சரியாக விடையளித்தனர்.

இதை அந்தப் பெண் எங்கே கற்றார்? டான் லார்ட்டி என்பவர் 1975-ல் பள்ளி ஆசிரியர்களைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. ஆசிரியர் தொழிலுக்கு வருபவர் பயிற்சிக் கல்லூரிக்கு வருமுன்பே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்து முடித்திருக்கிறார், மாணவர் பெஞ்சில் உட்கார்ந்தபடி. அங்கிருந்து தெரிவது ஆசிரியரின் கையும் வாயும்தான். அவர் மனதில் ஓடுவது தெரியாது. ‘உட்காரு, அடுத்தது யாரு’ தெரியும். ஒரு நல்ல ஆசிரியர் தப்பான பதிலைக் கேட்டதும் ஒரு நொடி நின்று, இது எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பது வெளியே தெரியாது. அந்த நொடியைக் காட்டித் தரத்தான் பல்கலைக்கழகப் பயிற்சி வேண்டும். பயிற்சியும் அதைக் காட்டாவிட்டால் பழைய பெஞ்சுப் படிப்புதான் ஜெயிக்கும்.

இதில் நஷ்டப்படுவது யார்? டியூஷன் போகும் பிள்ளைக்கு அந்த 2/5-ஐ டியூஷன் சாரோ வீட்டில் படித்த அப்பாவோ பிடித்துவிடுவார்கள். வீட்டில் முதன்முதலாக ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் ஆளில்லை. ‘உட்காரு’ என்றதும் அது உட்காரும். இரண்டு மூன்று முறை அப்படி உட்கார்ந்த பிறகு எழுந்திருக்காது. ‘மக்கு’, ‘ஸ்லோ லேர்னர்’ என்று ஒரு பெயர் வந்து சேரும். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 35 வாங்க வைப்பதற்குச் சிறப்பு வகுப்பு நடக்கும். 2/5 பத்திரமாக உள்ளேயே இருக்கும்.

நீளம் பற்றிய சண்டை

ஆசிரியர் கல்வி பற்றி நம்மிடம் நடக்கும் விவாதம் பெரும்பாலும் எத்தனை வருடம் என்பதைப் பற்றித்தான். நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2012-ல் அறிக்கை தந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி, ஓராண்டாக இருந்த பி.எட். 2015-16 முதல் இரண்டாண்டு ஆனது. பள்ளிக்கூடத்தில் 20 வாரம் இருக்க வேண்டும்: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை கட்டாயம். 2020 தேசியக் கல்விக் கொள்கை, வர்மா குழுவைக் காட்டி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனிநிலைப் பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று பச்சையாகவே சொன்னது. தீர்வாக 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டம் என்றது. மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் 1960-களிலேயே நான்காண்டுப் படிப்பைத் தொடங்கிவிட்டதால் இது புது யோசனையும் இல்லை.

பட்டத்தை விற்கும் கல்லூரியை இழுத்து மூட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் படித்த நான்கு ரெகார்டுகளும் அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவை அல்ல. உழைத்து எழுதியவை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நேர்மையாக உழைத்தாலும் இந்த வடிவம் தப்பான பதிலுக்கு இடம் தரவில்லை. அதே நோட்டை நான்கு வருடம் எழுதினால் நான்கு மடங்கு நோட்டு வரும்.

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கீழ்நிலை உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக விரும்பும் பல்கலைக்கழக மாணவர் பள்ளியில் செலவிடும் பயிற்சிக் காலம் வழக்கமாக மூன்று வாரம்தான். நம்முடைய 20 வாரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. குறைவு என்ற விமர்சனம் அங்கேயும் உண்டு. ஆனால் அவர்கள் எழுதும் பாடத்திட்டத்தில் ‘மாணவரிடமிருந்து எதிர்பார்க்கும் விடைகள்’ என்று ஒரு பகுதி வழக்கமாக இருக்கும். சரியானது, பாதி சரியானது, தவறானது எல்லாமே அதில் வரும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பிறகு பேசுகிறார்கள். 1999-ல் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் எழுதிய நூல் வழியாக இந்த வழக்கம் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அவர்கள் நோட்டில் பிள்ளைக்கு வசனம் இருக்கிறது. நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் தேர்வு. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் முதல் தகுதித் தேர்வு நடந்தபோது எழுதிய ஆறு லட்சத்துக்கும் அதிகமானோரில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை என்பது பலருக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து பி.எட். முடித்தவரின் பார்வை கோச்சிங் சென்டர் பக்கம் திரும்பிவிட்டது. அந்தத் தேர்வு கொள்குறி வகை. அதில் மூன்று தப்பான பதில்கள் எப்போதும் இருக்கும், ஆனால் தாண்டிப் போக வேண்டிய பொறிகளாக. தப்பான பதிலைப் புரிந்துகொள்ள வேண்டியவருக்கு அதை வேகமாக அடித்துவிடப் பயிற்சி தருகிறோம்.

நோட்டின் பக்கமும் நியாயம் உண்டு

முதல் முறை நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்பவருக்குக் கையில் ஏதாவது வேண்டும். அடுத்து என்ன என்று தெரியாமல் வாய் உலர்ந்து நிற்பதைவிட, எழுதி வைத்த வரிசை ஒன்று இருப்பது நல்லது. மூத்த ஆசிரியர்கள் பலர் ‘அந்த ரெகார்டு எழுதினதாலதான் இன்னிக்கும் போர்டு ஒர்க் நேரா வருது’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மைதான்.

எண்ணிக்கைச் சிக்கலும் இருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு 50 பயிற்சியாளர்கள். பதினாறு வாரம் அவர்கள் பல பள்ளிகளில் சிதறியிருக்கிறார்கள். பேராசிரியர் ஒவ்வொருவரின் வகுப்பிலும் எத்தனை முறை உட்கார முடியும்? பார்க்க முடியாத வகுப்புக்குப் பதிலாகப் பார்க்க முடிகிற நோட்டு மேசைக்கு வந்துவிட்டது. இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் நோட்டுதான் சாட்சி என்றால், அந்தச் சாட்சி முந்தின இரவே எழுதி முடித்ததாக இருக்கக் கூடாது.

என்ன செய்யலாம்

புதிய கொள்கை, புதிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. ரெகார்டிலேயே நான்கு மாற்றங்கள் போதும்.

ஒன்று, மாணவர் செயல்பாடு என்ற கட்டத்தில் ‘விடையளிக்கின்றனர்’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். என்ன விடை என்று எழுத வேண்டும். முக்கியமான கேள்வி ஒவ்வொன்றுக்கும் வரக்கூடிய ஒரு தப்பான விடை, அது ஏன் வரும், வந்தால் நான் கேட்கும் அடுத்த கேள்வி என்ன.

இரண்டு, வகுப்பு முடிந்த பிறகு எழுத ஒரு பக்கம். இன்று பிள்ளைகள் சொன்ன மூன்று பதில்கள், அவர்கள் சொன்ன மொழியிலேயே. ‘சூரியன் கிட்ட வருது சார்’ என்றால் அப்படியே. பாடநூல் தமிழுக்கு மாற்றக்கூடாது; மாற்றும்போதே அந்த அடுப்புத் தர்க்கம் காணாமல் போய்விடும்.

மூன்று, நுண்ணிலைக் கற்பித்தலில் நடிக்கும் தோழர்களுக்கு ஆளுக்கொரு சீட்டு. ‘நீ 2/5 என்று நம்புகிறவன்’, ‘நீ செடி மண்ணைச் சாப்பிடுகிறது என்று நம்புகிறவள்’. சீட்டில் இருப்பதை விட்டுக்கொடுக்காமல் வாதாட வேண்டும். காட்டிக்கொடுக்கிறோமே என்ற சங்கடமும் போகும், வகுப்பும் சுவாரசியமாகும்.

நான்கு, பிராக்டிகலுக்கு வரும் தேர்வாளர் சார்ட்டின் அழகைப் பார்ப்பதோடு, நோட்டில் இருக்கும் ஒரு தப்பான விடையைக் காட்டி ‘இந்தப் பிள்ளை என்ன நினைச்சிருக்கும்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தேர்வில் கேட்பதுதான் படிப்பில் வரும். நம் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விதி.

இதுவும் சடங்காகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகலாம். ஜூனியர் தப்பான விடைகளையும் பார்த்து எழுதுவார். அதனால்தான் இரண்டாவது மாற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். முன்கூட்டி எழுதுவதைக் காப்பி அடிக்கலாம். வேறொரு ஊரில் வேறொரு பிள்ளை சொன்னதைக் காப்பி அடித்தால் வழிகாட்டி ஆசிரியருக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் அவருக்குத் தன் பிள்ளைகளைத் தெரியும். அவருடைய கையெழுத்துக்கும் அப்போதுதான் ஒரு வேலை வரும். பாடங்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பி.எட். முடித்தவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பரணில் ரெகார்டு இருந்தால் எடுத்து மாணவர் செயல்பாடு என்ற கட்டத்தை மட்டும் ஒரு முறை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். எங்காவது ஒரு பிள்ளை தப்பாகச் சொல்லியிருந்தால், அதை நீங்கள் எழுதியும் வைத்திருந்தால், எனக்கு எழுதுங்கள். என்ன பாடம், என்ன சொன்னது, நீங்கள் என்ன செய்தீர்கள். பாடவாரியாக அவற்றைத் தொகுக்கலாம் என்றிருக்கிறேன். கணிதத்தில் பின்னம், எதிர்ம எண், அறிவியலில் மின்சுற்று, ஒளிச்சேர்க்கை, இந்த நான்கிலிருந்து தொடங்குகிறேன். அடுத்த குறிப்பு மின்சுற்றைப் பற்றி: பல்பு மின்சாரத்தைத் ‘தின்றுவிடுகிறது’ என்று பிள்ளைகள் ஏன் நினைக்கிறார்கள் என்பது.